எல்லைப்புறப் பள்ளிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேரள, ஆந்திர எல்லையோரத் தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக் கல்வி பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். ஐந்தாம் வகுப்பிலேயே ஆங்கில வழிக்கோ மலையாள வழிக்கோ மாற்றாவிட்டால் கேரளத்தில் அவனுக்கு எதிர்காலம் இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டாரின் அச்சத்தை எடுத்துக்கொள்வோம். கேரள அரசின் பாடநூல்கள் பத்தாம் வகுப்பு வரை தமிழிலும் வெளிவருகின்றன. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் ஆகிய நான்கு மொழிகளில் எதிலும் எழுதலாம். ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட் தமிழிலும் நடக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. மலையாளத்தில் நடத்தும் தேர்வுகள் பலவற்றுக்குத் தமிழ் வினாத்தாள் கேட்டுப் பெறலாம். உங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. ஆகவே தமிழ் வழி முட்டுச்சந்தில் போய் முடிகிறது என்பது உண்மையன்று.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. வகுப்பறை மொழியை நெடுங்காலம் ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், புதிய மொழியில் விளையாட்டுத் திடலில் பேசிப் பழகக் குழந்தைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போதும் என்றும், அதே மொழியில் அறிவியல் பாடத்தைப் படித்துப் புரிந்துகொண்டு விடை எழுத ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றும் காட்டினார். இப்போது மாற்றினால், மகன் ஓரிரு ஆண்டில் சரளமாகப் பேசுவதைக் கேட்டு நீங்கள் நிம்மதி அடைவீர்கள். ஆனால் பின்னம், ஒளிச்சேர்க்கை, அரசமைப்பு ஆகியவற்றையெல்லாம் அவன் பாதிப் புரிதலோடு கடந்து போகும் ஆண்டுகளும் அவைதான். தமிழில் நன்றாக வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு அந்த வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் கூடவே வரும்.

இனி நிபந்தனை. அவன் மலையாளத்தையும் நன்றாகக் கற்க வேண்டும். கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கற்பிக்கப்பட வேண்டும் என்று 2017-இல் சட்டம் வந்தபோது நம்மவர் சிலர் அதைத் திணிப்பு என்றார்கள். தமிழ் வழிப் பிள்ளைக்கு இரண்டாம் மொழிக்குரிய பாடமுறையில் சொல்லித் தராமல், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையின் புத்தகத்தையே அவன் கையிலும் கொடுத்தால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. மொழியைக் கற்பதே தவறு என்றால் எனக்கு உடன்பாடில்லை. கிராமப் பஞ்சாயத்திலும் மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் தன் காரியத்தைத் தானே பேசி முடிக்கத் தெரியாத பிள்ளையை வளர்ப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பள்ளியில் மலையாள ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்று போய்ப் பாருங்கள், அம்மா. வழியை மாற்றுவது பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.

எங்கள் எஸ்டேட் பள்ளியில் தமிழ் டிவிஷனில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஆசிரியர் பணியிடத்தை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். எத்தனை பேர் இருந்தால் தமிழ் ஆசிரியரைக் கேட்கலாம்? யாரிடம் கேட்க வேண்டும்?
— பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், மூணாறு

உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த உரிமையின் கணக்கு தெரியாமலேயே பல பள்ளிகளில் தமிழ் டிவிஷன் மூடப்பட்டிருக்கிறது.

1949 ஆகஸ்டில் நடந்த மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாட்டில் ஒரு வரையறை ஏற்கப்பட்டது. வட்டார மொழியல்லாத ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் தொடக்கப் பள்ளி முழுவதிலும் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ இருந்தால், அவர்களுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரையாவது தர வேண்டும் என்பது அது. 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, எந்த மாநிலத்திலும் வேற்று மொழியார் இருக்கத்தான் செய்வார்கள் என்பதை உணர்ந்து, ஏழாவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் 350அ பிரிவைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதை அடுத்த 350ஆ பிரிவின்படி, இந்தப் பாதுகாப்புகளைக் கண்காணிக்கும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அலுவலகம் 1957 முதல் இயங்கி வருகிறது. உங்கள் மூணாறு அடங்கிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றது இதே 1956 நவம்பர் 1-இல்தான். ஆகவே உங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பிரிவு எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 29ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியே பயிற்று மொழியாக இருக்க வேண்டும் என்கிறது.

இது சட்டம். நடைமுறையில் உங்கள் டிவிஷனின் தலைவிதியை முடிவு செய்வது ஜூன் மாதத்தின் ஆறாவது வேலைநாள். அன்று பள்ளிப் பதிவில் உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் கேரளக் கல்வி விதிகளின்படி ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயிக்கிறார்கள். ஜூலையில் சேர்க்கலாம் என்று பெற்றோர் பிள்ளையை ஊருக்கு அழைத்துப் போயிருந்தாலோ, மழையைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போட்டாலோ, அந்த ஆண்டுக் கணக்கில் அந்தப் பிள்ளை இருக்க மாட்டான். ஆகையால் ஏப்ரல், மே மாதங்களிலேயே தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள்தோறும் போய்ப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பட்டியலை எடுத்துவிடுங்கள். அந்தப் பட்டியலில் வீட்டு மொழியையும் எழுதுங்கள். எத்தனை பேர் தமிழ் வழி கேட்கிறார்கள் என்பதைப் பெற்றோரின் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்ட கோரிக்கைக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு இருக்காது.

மனுவைத் தலைமையாசிரியர் வழியாக உதவிக் கல்வி அலுவலரின் (ஏ.இ.ஓ.) அலுவலகத்துக்குக் கொடுங்கள்; மாவட்டக் கல்வித் துணை இயக்குநருக்கும் நகல் அனுப்புங்கள். அந்த மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பதில் வராவிட்டால் மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கு எழுதுங்கள். ஆணையரால் யாருக்கும் தண்டனை தர முடியாது. ஆனால் அவருடைய அறிக்கை குடியரசுத் தலைவரிடம் போய், நாடாளுமன்ற அவைகளில் வைக்கப்படுகிறது. அவர் மாநில அரசிடம் விளக்கம் கேட்கும்போது உங்கள் மனுவுக்கு ஓர் எடை கிடைக்கும்.

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். தோட்டத்தில் நிரந்தர வேலைக்கு இருந்த குடும்பங்கள் குறைந்து, பிள்ளைகள் தேனிக்கும் போடிக்கும் விடுதிகளுக்குப் போய்விட்ட இடங்களில் 40 பேரைக் காட்ட முடியாமல் போகலாம். அப்போது அடுத்தடுத்த எஸ்டேட் பள்ளிகளின் தமிழ்ப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்து, அவர்கள் வந்துபோக வண்டி கேட்பதே நடக்கக்கூடிய வழி. வண்டியில்லாமல் பள்ளிகளை இணைப்பதற்கு மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். காட்டுப்பன்றியும் யானையும் நடமாடும் பாதையில் ஆறு வயதுப் பிள்ளை நடந்து போக முடியாது.

அமெரிக்காவில் பேரனைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்டார்களாம். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கி வைப்பார்களோ என்று மகள் பயப்படுகிறாள்.
— ஓய்வுபெற்ற ஊழியர், பாலக்காடு

உண்மையை எழுதச் சொல்லுங்கள், ஐயா. அந்தக் கேள்வியின் பின்னே ஒரு வழக்கு இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ பொதுப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர், எந்தத் தனி உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம், ஒரே கட்டடம் தந்திருக்கிறோம், இதில் பாகுபாடு எங்கே என்று பள்ளி மாவட்டம் வாதிட்டது. 1974-இல் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பாடம் நடக்கும் மொழியே புரியாத பிள்ளைக்கு ஒரே புத்தகத்தைத் தருவதால் சமத்துவம் வந்துவிடாது என்பது தீர்ப்பின் சாரம். 1981-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, தரப்படும் மொழி உதவி தக்க கல்விக் கோட்பாட்டின்மேல் அமைய வேண்டும், அதற்கு ஆளும் பொருளும் ஒதுக்க வேண்டும், பலன் தருகிறதா என்று பின்னர் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது.

எனவே அந்தப் படிவம் உங்கள் பேரனுக்கு உதவி தேவையா என்று அறியும் முதல் படி. ஆங்கிலம் போதுமான அளவு தெரியும் என்று தேர்வில் தெரிந்தால் அதோடு முடிந்துவிடும். அங்கே பள்ளி வாரியக் கூட்டங்களில் பெற்றோர் எழுந்து பேசலாம் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். பொங்கல் நாளைப் பள்ளி நாட்காட்டியில் குறிக்கச் சொல்வதோடு நிற்காமல், மொழி உதவி ஆசிரியர்களுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று கேட்கவும் அது இடம் தருகிறது. பண்பாட்டு விழா நடத்துவது எந்த நிர்வாகத்துக்கும் எளிது. ஆசிரியருக்குச் சம்பளம் ஒதுக்குவதில்தான் அக்கறை தெரியும்.

அட்டப்பாடியில் பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. என் வகுப்பில் இருளர் பிள்ளைகள் அதிகம். அவர்கள் மொழி தமிழுக்கு நெருக்கம் என்பதால் தமிழில் பேசினால் போதும் என்று நினைத்தேன். அவர்கள் வாயே திறப்பதில்லை. என்ன செய்ய வேண்டும்?
— ஓர் ஆசிரியை, அகளி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக உங்களைப் பாராட்டுகிறேன், டீச்சர். நெருக்கமான மொழி என்பதாலேயே வரும் சிக்கல் இது. முற்றிலும் தெரியாத மொழி பேசும் பிள்ளை வந்தால் ஆசிரியர் எச்சரிக்கையாக இருப்பார். இருள மொழி நமக்குப் பாதி புரிவதால், அந்தப் பிள்ளை பேசுவது தவறான தமிழ் என்று எண்ணித் திருத்தத் தொடங்கிவிடுகிறோம். அது தனக்கென இலக்கணமும் பாட்டும் கதையும் உள்ள தனி மொழி. வாய் திறந்தவுடன் திருத்தப்படும் பிள்ளை, பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொள்கிறது. மலையாள ஆசிரியர் ஒருபுறமும் தமிழ் ஆசிரியர் இன்னொருபுறமும் திருத்தினால் அந்தப் பிள்ளையின் நிலை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நம் மொழிக்காக அரசிடம் வாதாடும் நாமே வகுப்பறைக்குள் இதைச் செய்கிறோம் என்பது எனக்குப் பெரும் வேதனை.

கேரளத்திலேயே கைகண்ட வழிகள் இரண்டு உண்டு. வயநாட்டில் 2017-இல் தொடங்கிய கோத்ரபந்து திட்டத்தில், பழங்குடிச் சமூகத்திலேயே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களைத் தொடக்கப் பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். காலையில் பள்ளிக்கு வரும் பிள்ளை தன் மொழி பேசும் ஒரு முகத்தைப் பார்க்கிறது. எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் அதே ஆண்டில் வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ரோஷ்ணி திட்டத்தில், பிள்ளையின் மொழியில் பேச்சைத் தொடங்கி, சிறிது சிறிதாக மலையாளச் சொற்களைக் கலந்து, பிறகு மலையாளத்துக்குக் கொண்டு சேர்க்கும் முறையைக் கையாண்டார்கள். உங்கள் பள்ளிக்குத் துணை ஆசிரியர் வேண்டும் என்று தலைமையாசிரியர் மூலம் எழுதிக் கேளுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஊருக்குப் போய் அதன் தலைவரான மூப்பனைப் பார்த்து, பள்ளிக்கு வந்து கதை சொல்லக்கூடிய பாட்டி யாரேனும் உண்டா என்று கேளுங்கள். விதைப்புக் காலத்தையும் நிலத்தின் தன்மையையும் அறிந்த மண்ணூக்காரன் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். சாமையும் ராகியும் விதைக்கும் முறையை அவர் சொல்லப் பிள்ளைகள் கேட்டால், உங்கள் சூழலியல் பாடத்தில் பாதியை அவர் நடத்திவிடுவார். அன்று வகுப்பில் மிகுதியாகத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகளாகவும் நீங்கள் கேட்டுக்கொள்பவராகவும் இருப்பீர்கள். 2020ஆம் ஆண்டுத் திரைப்படங்களுக்கான தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வான நஞ்சியம்மா, இருள மொழியில் பாடியே அந்த விருதைப் பெற்றார். அவர் உங்கள் அட்டப்பாடிக்காரர். இதை உங்கள் வகுப்பில் மட்டுமல்ல, இருளர் பிள்ளை ஒருவர்கூட இல்லாத சமவெளிப் பள்ளிகளிலும் சொல்ல வேண்டும் என்பேன். பன்முகப் பண்பாட்டைப் பற்றிய பாடம் பெரும்பான்மைப் பிள்ளைக்கும் தேவைப்படுகிறது.

பிள்ளை தன் மொழியில் விடை சொன்னால் அந்த விடை சரியா என்று மட்டும் முதலில் பாருங்கள். சரியென்றால் சரி என்று சொல்லிவிட்டு, அதையே தமிழிலோ மலையாளத்திலோ நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள். திருத்தம் அதற்குள்ளேயே நடந்துவிடும்.

நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர். தமிழ் வழிப் பள்ளியில் எங்கள் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பதும், சாப்பாட்டு நேரத்தில் விலக்குவதும் நடக்கிறது. தமிழ் உரிமை பேசுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏன்?
— கல்லூரி மாணவர், முதலமடை

பேசியிருக்க வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் என்ற பெயரில் நாம் ஒன்றுகூடும்போது, நமக்குள் இருக்கும் சாதி வெளியே தெரிந்தால் கோரிக்கை வலுவிழக்கும் என்று அஞ்சி மூடி மறைக்கும் பழக்கம் இருக்கிறது. தன் பிள்ளைக்கு முன்வரிசையும் அடுத்தவர் பிள்ளைக்குக் கடைசி வரிசையும் கேட்கும் கூட்டம் அரசிடம் சமத்துவம் கேட்க உரிமையற்றது.

நீங்கள் எழுதியிருப்பது தீண்டாமை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு அதை ஒழித்திருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. பிள்ளையை உடலாலோ மனத்தாலோ துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. நடந்தவற்றை நாள், வகுப்பு, உடனிருந்தவர் விவரத்தோடு எழுதி, தலைமையாசிரியரிடம் ஒப்புகை பெற்றுக் கொடுங்கள். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். பெற்றோர் நேரில் போக அஞ்சினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் சொல்லலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவையும் விட்டுவிடாதீர்கள். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கேற்ற இடம் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பள்ளியின் குழுவில் உங்கள் குடியிருப்பிலிருந்து எத்தனை தாய்மார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். உணவு எப்படிப் பரிமாறப்படுகிறது என்பதைத் தினமும் வந்து பார்க்கும் உரிமை குழு உறுப்பினருக்கு இருந்தால் பல கொடுமைகள் சொல்லாமலே நின்றுவிடும்.

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்களுக்கும் இந்த உரிமைகள் உண்டா? தமிழ் வழிப் பள்ளிகள் இங்கே அருகிவிட்டன.
— வாசகர், நகரி

உண்டு. 350அ பிரிவு எல்லா மாநிலங்களுக்கும் பொது. 1960 ஏப்ரல் 1-இல், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டு, திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்கும் போனபோது, இரு பக்கமும் வேற்று மொழியார் இருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. அரசுப் பள்ளிகள் அனைத்தையும் ஆங்கில வழிக்கு மாற்றும் ஆந்திர அரசின் 2019ஆம் ஆண்டு ஆணையை 2020 ஏப்ரலில் அந்த மாநில உயர் நீதிமன்றம் ரத்துச் செய்ததையும் உங்கள் மனுவில் குறிப்பிடலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஓசூரில் தெலுங்குப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பதும் இதையேதான். அவர்களோடு சேர்ந்து பேச முடிந்தால் இரு அரசுகளும் செவிகொடுக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பம் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை. மாற்றுச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இல்லை என்கிறார்கள். சேர்க்க முடியுமா?
— இல்லத்தரசி, கஞ்சிக்கோடு

தாராளமாகச் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதையோ வயதுச் சான்று இல்லாததையோ காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம், 14ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கவும் வேண்டாம். 4ஆம் பிரிவின்படி வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, விடுபட்டதை ஈடுசெய்யத் தனிப்பயிற்சி தர வேண்டும். தாய் தந்தை இருவரும் கம்பெனிக்குப் போகிறவர்கள் என்றால் ஒரு நாள் கூலியை இழந்து பள்ளிக்கு வருவது அவர்களுக்குக் கடினமாக இருக்கும். நீங்கள் அந்தத் தாயோடு ஒருமுறை பள்ளிக்குப் போய் வாருங்கள், சகோதரி. போகும்போது இந்த மூன்று பிரிவுகளின் எண்களையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். தலைமையாசிரியர் தயங்கினால் அந்தத் தாளை ஏ.இ.ஓ. அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.